பாதத்துக்கு இறங்காத ரத்தம்

அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பிரசவ வார்டைச் சுற்றிவிட்டு, வெளி நோயாளிகளைப் பார்க்க நான் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். கட்டிலுக்கு முன்னால் ஓடி வந்த வயதான அம்மாளின் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. அதற்குள் வறுத்த மணல், இன்னும் சூடாக.

"பொம்பளை டாக்டர் நீங்கதானே? எம் மருமக காலு செத்துப்போச்சும்மா. என்னன்னு பாருங்க தாயி!"

பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். உதட்டைக் கடித்தபடி கிடந்தாள். காலையில் வாசல் தெளித்துவிட்டுக் கோலம் போடக் குனிந்தாளாம். இடது காலில் யாரோ அரிவாளால் போட்டதுபோல் ஒரு வலி. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். கால் குளிர்ந்துகொண்டே போனதும் மாமியார் மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

நான் புடவையை விலக்கிப் பார்த்தேன். வலது கால் மாநிறம். இடது கால் மெழுகு. தொடையிலிருந்து கீழே புறங்கையை நகர்த்திக்கொண்டே வந்தேன். முழங்காலுக்குச் சற்று மேலே சூடு நின்றுபோயிற்று. இடுப்பு மடிப்பில் நாடி விரலைத் தூக்கி எறிவதுபோல் துடித்தது. முழங்காலுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பாதத்தில் ஒன்றுமில்லை. உள்ளங்காலில் ஒத்தடச் சூட்டால் ஒரு கொப்புளம் எழுந்திருந்தது. அதை அவள் உணரவேயில்லை.

"இந்த மணலை அங்குட்டு எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

"குளுந்த காலுக்குச் சூடு வைக்காம வேற என்ன வைக்கிறது?" மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரத்தம் போகாத கால் சூட்டைத் தாங்காதும்மா. அவிஞ்சு போயிடும்."

பெண்ணிடம் விரல்களை ஆட்டச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முயன்றாள். பெருவிரல் மட்டும் ஒரு நூலளவு அசைந்தது. எனக்கு அந்த அசைவு போதும். கால் இன்னும் சாகவில்லை. ஆனால் அதற்கு அதிக நேரமும் இல்லை.

நான் தேவகோட்டைக்காரி. பள்ளிக்கூட வாத்தியார் மகள். மதுரையில் டாக்டர் படிப்பை முடித்து, மேல்படிப்புக்குச் சென்னை போனபோது அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வருஷத்தில் அதைப் படிக்க வந்த ஒரே பெண் நான்தான். ரத்தக் குழாய்களுக்கான பிரிவு அப்போது அங்கே புதிது. அறுந்த குழாயை முடிச்சுப் போட்டுக் கட்டுவதுதான் வழக்கம், அதைத் தைத்து மறுபடி ஓட வைப்பது வீண் ஆடம்பரம் என்று நினைத்த பெரியவர்கள் பலர் இருந்த காலம். அந்தப் பிரிவில் நான் சில மாதங்கள் இருந்தேன். கை பழகுவதற்காக விடுதிக்குப் பக்கத்துக் கறிக்கடையில் ஆட்டுக் கழுத்தை வாங்கி வந்து, அதிலிருந்த குழாயைப் பிரித்தெடுத்து, வெட்டித் தைப்பேன். பிறகு ஊசிக்குழாயால் தண்ணீரை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பேன். ரத்தக் குழாய்க்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஊசியைத் தப்பான பக்கத்திலிருந்து நுழைத்தால் அந்தச் சவ்வு பிய்ந்து மடல்போல எழுந்து நிற்கும். தையல் பார்க்க அழகாக இருக்கும், வழி அடைத்துவிடும். இதை நான் கற்றுக்கொள்ள நிறைய ஆடுகள் வேண்டியிருந்தன. வீச்சம் தாங்காமல் என் அறைத்தோழி வேறு அறைக்குப் போய்விட்டாள்.

அங்கே ஒரு மில் தொழிலாளி வந்தார். இதேபோல் கால் வெளுத்து, ஆனால் மறுநாள் வந்தார். தொட்டால் கட்டை. தொடையோடு எடுத்தோம். மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "நேத்தே வந்திருந்தா?" நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காரைக்குடிப் பக்கம் எனக்கு வேலை கிடைத்தபோது உத்தரவில் என்னவோ அறுவை சிகிச்சை என்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் வேறு யாரும் இல்லை. வந்த அன்றே பிரசவ வார்டைக் கொடுத்துவிட்டார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன். அங்கேயும் உயிர்தானே. ஆனால் சென்னையை விட்டு வரும்போது, அங்கே கழித்துப் போட வைத்திருந்த இரண்டு சின்னக் கிளாம்ப்களையும் கொஞ்சம் மெல்லிய பட்டு நூலையும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ரத்தக் குழாயை நசுக்காமல் பிடிக்கும் கிளாம்ப்கள். ஹெபாரின் என்ற மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது, அதுவும் ஒரு குப்பி கேட்டு வாங்கி வைத்திருந்தேன். 'இது இங்கே யாருக்கும்மா?' என்று மருந்தாளுநர் சிரித்திருந்தார்.

இப்போது அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தாறுமாறாக ஓடியது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அடித்தொண்டையில் யாரோ உறுமுவதுபோன்ற அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. வழி குறுகினால் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்ததில் ஒரு துண்டு பிய்ந்து கீழே இறங்கி, தொடையில் குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில் போய் உட்கார்ந்துவிட்டது.

"சின்னப் புள்ளையா இருக்கும்போது மூட்டு வலியோட காய்ச்சல் வந்திருக்கா?" என்று கேட்டேன்.

பெண் வாய் திறக்குமுன் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. அவளுடைய தாய். மகளைப் பார்க்க முதல் நாள்தான் நேமத்தான்பட்டியிலிருந்து வந்திருந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எம் மக ஒரு தலைவலின்னு படுத்ததில்ல."

பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நெஞ்சுல என்ன பாக்குறீக? நோவு கால்லதானே?" என்றார் மாமியார்.

தாய் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வேறு அர்த்தம் இருக்க முடியாது. மறைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். "எல்லாருக்கும் பாக்கிறதுதான்மா," என்று சொல்லிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

பெரிய டாக்டர் தன் அறையில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குடலிறக்கமும் குடல்வாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார், கெட்ட பெயர் எடுக்காமல் ஓய்வு பெற வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"மதுரைக்கு அனுப்பிடும்மா. இது நம்ம இடத்துல செய்யற காரியம் இல்ல."

"மதுரைக்குப் போய், அங்கே பார்த்து, தியேட்டருக்குள்ள கொண்டு போறதுக்குள்ள கால் போயிடும் சார்."

"கால்தானே? இதயம் இப்படி இருக்கற பொண்ணு டேபிள்லயே போயிட்டா? நாளைக்கு நீயும் நானும்தான் பதில் சொல்லணும்."

"மயக்க மருந்து வேண்டாம் சார். மரத்துப்போற ஊசி போட்டுத் தொடையில மட்டும் திறக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ தனியா எத்தனை செஞ்சிருக்கே?"

"தனியா ஒண்ணும் செய்யலை சார். கூட நின்னிருக்கேன்."

எனக்குக் காது மடல் சுட்டது. பொய் சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுப் பார்த்தார். மேலே சூடு, கீழே குளிர், மறுபடி மேலே, மறுபடி கீழே.

"வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டா, நான் எதிர்ல நிக்கிறேன்," என்றார்.

வீட்டுக்காரன் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் ஓடும் ஒரு பஸ்ஸில் கண்டக்டர். ஆசாரி வீட்டுப் பிள்ளை, உளியைத் தொடாமல் பஸ்ஸில் ஏறியவன். எதிர் பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பினோம். அவன் வரும்வரை நான் அறுவை அறைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெருவிரலை ஆட்டச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அசைவு குறைந்துகொண்டே வந்தது.

காக்கிச் சட்டை, தோளில் தோல் பையோடு அவன் ஓடி வந்தான். மனைவியின் தலையைத் தொட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம் இங்குட்டு வாரீகளா?"

வார்டின் பின்பக்கம், துணி காயப்போடும் கொடிக்கு அருகில் போனோம்.

"அதுக்கு நெஞ்சுல வால்வு சுருங்கியிருக்கு. உங்களுக்குத் தெரியணும்ல, அதான் சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"அதுதான் சொல்லிச்சு. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே. யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு அவுக அம்மா சத்தியம் வாங்கியிருக்காக. என்னால மறைக்க முடியலைன்னு அழுதுச்சு. மாசாமாசம் தேவகோட்டைக்கு சினிமாவுக்குப் போறோம்னு எங்க ஆத்தாகிட்ட சொல்லிட்டுப் போவோம். அங்க ஒரு டாக்டர்கிட்ட, அந்தக் காய்ச்சல் திரும்ப வராம இருக்க, பென்சிலின் ஊசி போட்டுட்டு வந்துருவோம்."

"உனக்குத் தெரியும்னு பொண்ணோட அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அவுக குன்னிப் போயிருவாக. எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சா அது வேற மாதிரி ஆயிரும். நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீக."

ஆக, தாய் மறைக்கிறாள், மகள் மறைக்கவில்லை, மருமகன் மறைக்கிறான், எல்லாவற்றுக்கும் நடுவில் நான். அதை யோசிக்க நேரமில்லை. செய்யப்போவதைச் சொன்னேன். நான் இதைத் தனியாகச் செய்ததில்லை என்றும் சொன்னேன். உயிருக்கே ஆபத்து வரலாம் என்றும் சொன்னேன்.

"மதுரைக்குக் கொண்டு போனா?"

"நேரம் போயிடும்."

"அதுவுமில்லாம இன்னைக்குக் குன்றக்குடியைத் தாண்ட முடியாது," என்றான் அவன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "பழநிக்கு நடக்குற காவடி பூராவும் ரோட்டுலதான். எங்க வண்டிகளையே சுத்தி விடுறாக." பிறகு கையை நீட்டினான். "எங்க போடணும் கையெழுத்து?"

தலைமாட்டை உயர்த்தி வைத்தோம். மட்டமாகப் படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டியது. நடுவில் ஒரு துணித் திரை, தலைப்பக்கம் நர்ஸ். பெரிய டாக்டர் எனக்கு எதிரில். மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு இடுப்பு மடிப்புக்குக் கீழே திறந்தேன். மேலேயிருந்து வரும் பெரிய குழாய், கவட்டில் பிரிந்து முன்னால் ஒன்றும் ஆழத்தில் ஒன்றுமாகக் கீழே போகிறது. பிடிக்க வேண்டியவை மூன்று. என்னிடம் கிளாம்ப் இரண்டு. ஆழத்துக் குழாயை நாடாத் துணியால் சுருக்கிட்டு அதன் முனையைப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன்.

திரைக்கு அந்தப்பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது. "டாக்டரம்மா, எங்க அம்மா சொன்னது பொய்யி. எனக்குக் காய்ச்சல் வந்துச்சு."

"தெரியும்மா."

"எங்க அத்தைகிட்ட..."

"இப்பக் காலைப் பார்ப்போம்."

பெரிய டாக்டர் முகட்டைப் பார்த்துக்கொண்டார்.

குழாயின் முன்சுவரில் சின்னதாக ஒரு கீறல் போட்டேன். கறுப்பாக, உருண்டு திரண்டு, கவட்டில் அப்பிக்கொண்டு கிடந்தது கட்டி. மேல் கிளாம்ப்பை ஒரு கணம் தளர்த்தினேன். உள்ளிருந்து வந்த வேகம் கட்டியை வெளியே தள்ளியது. கூடவே வந்த ரத்தம் பெரிய டாக்டரின் கண்ணாடியில் அடித்தது. மறுபடி கிளாம்ப்பைப் போட்டேன். அது நிற்கவில்லை. கழித்துப் போட வைத்திருந்த சாமான் அல்லவா, பிடி தளர்ந்து வழுக்கிவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் காயம் முழுக்க ரத்தம். ஒன்றும் தெரியவில்லை. விரலைக் குருட்டுத்தனமாக உள்ளே விட்டு, துடிப்பைத் தேடி, எலும்போடு வைத்து அழுத்தினேன்.

நின்றது.

 விரலை எடுத்தால் அவள் போய்விடுவாள். எடுக்காவிட்டால் தைக்க முடியாது. நர்ஸ் அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்.

"கிளாம்ப்பைத் தூக்கிப் போடு," என்றார் பெரிய டாக்டர் மெதுவாக. "நான் பிடிக்கிறேன்." நாடாவை மற்றொரு நர்ஸிடம் கொடுத்துவிட்டு, என் விரலுக்கு மேலே தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நுழைத்து, குழாயை இரண்டுக்கும் நடுவில் கவ்விக்கொண்டார். "ம், எடு."

எடுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

ஆனால் கீழேயிருந்தும் ஒன்றும் வரவில்லை. அதுதான் பயம். கீழே வழி திறந்திருந்தால் அங்கிருந்து ரத்தம் திரும்பி வழிய வேண்டும். உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது. சென்னையில் அப்போது இதற்கென்று நுனியில் பலூன் வைத்த குழாய் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள், நான் கண்ணால் பார்த்ததில்லை. பாதத்திலிருந்து மேல்நோக்கி ரப்பர் பட்டையை இறுக்கிச் சுற்றச் சொன்னேன். நர்ஸ் கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாகப் பிழிந்தார். ஒன்றுமில்லை. "இன்னும் பலமா." அவர் முழுப் பலத்தையும் போட்டார். கீறலில் ஏதோ கறுப்பாகத் தலை காட்டியது. இடுக்கியால் பிடித்து, அறுந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். வந்தது, நீளமாக, வாலோடு. அதன் பின்னாலேயே ரத்தம் நிதானமாக வழிந்து வந்தது.

ஹெபாரினைக் கலந்து கீழே செலுத்தினேன். தைக்க ஆரம்பித்தேன். கீழ் விளிம்பில் ஊசி உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். நூல் தலைமுடியைவிட மெலிசு. பெரிய டாக்டரின் கை மரத்துக் கொண்டிருப்பது தெரிந்தது. மணிக்கட்டு நரம்புகள் புடைத்திருந்தன.  கடைசி முடிச்சுப் போட்டதும் அவர் விரலை விட்டார். தையலில் கசிந்தது. துணியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். எடுத்தபோது கசிவு நின்றிருந்தது. தையலுக்குக் கீழே குழாய் துள்ளியது.

பாதம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. நான் கால்மாட்டுக்குப் போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சூடு வருகிறதா, என் உள்ளங்கைச் சூடா என்று தெரியவில்லை.

"டாக்டரம்மா," என்றாள் அவள், "காலு எரியுது. தீயா எரியுது."

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

இருந்த ஒரு குப்பி ஹெபாரின் தீர்ந்துவிட்டது. மதுரையில்தான் கிடைக்கும். கண்டக்டர் ஒரு சரக்கு லாரியில் ஏறி, சிவகங்கை வழியாகச் சுற்றிப் போனான். பெரிய டாக்டர் சாப்பிடப் போனார். நான் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன்.

விளக்குப் போடும் நேரம். அவள் மறுபடி முனக ஆரம்பித்தாள். பாதத்தில் மெல்லிய துடிப்பு இருந்தது. ஆனால் விரலை மேலே தூக்கச் சொன்னால் முடியவில்லை. கெண்டைக்காலைத் தொட்டேன். பளபளவென்று வீங்கி, விறைத்துப் போயிருந்தது. பட்டினி கிடந்த சதைக்குத் திடீரென்று ரத்தம் வந்ததும் அது வீங்குகிறது. சதையைச் சுற்றி உறை இருக்கிறது, அது விரியாது. உள்ளேயே நெரிந்து செத்துப்போகும். சுற்றியிருக்கும் உறையை நீளமாகக் கிழித்துவிட வேண்டும், அதுவும் உடனே.

ஆள் அனுப்பிப் பெரிய டாக்டரை வரவழைத்தேன். "மறுபடி கத்தியா? காலையில இருந்து அந்தப் பொண்ணு எவ்வளவு தாங்கும்?" என்றார். பிறகு அவரே தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டு ஆளுகிட்டச் சொல்லு," என்றார்.

வீட்டு ஆள் என்று இருந்தது மாமியார்தான். அவர் அறை வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"காலு பொழச்சிருச்சுன்னு சொன்னீகளே!"

"பொழச்ச காலுக்குத்தான்மா இந்த வீக்கம் வரும்."

"இனிமே எம் புள்ள மேல கத்தி வைக்க விடமாட்டேன். எம் மகன் வரட்டும்."

"அவரு வர விடிஞ்சுடும்."

"விடியட்டும்."

பெண்ணின் தாய் ஒரு மூலையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பேச உரிமை இல்லை என்று அவளே முடிவு செய்துகொண்டதுபோல் இருந்தது. நான் மாமியாரின் கையைப் பிடித்தேன். உதறினார். மறுபடி பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப் போய், முதலில் நல்ல காலின் மேல் அந்தக் கையை வைத்தேன். அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். பிறகு இந்தக் காலின் மேல் வைத்தேன். அவர் கை அங்கேயே நின்றது.

"என்னம்மா இது, கல்லா இருக்கு?"

"உள்ளே இறுகிட்டு இருக்கு. திறந்து விடணும்."

"திறக்கலைன்னா?"

"காலு இருக்கும். நடக்க மாட்டா."

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "செய்யுங்க," என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் நீளமாகத் திறந்தேன். உறையைக் கிழித்ததும் சதை, கட்டு அவிழ்த்த மூட்டைபோல் வெளியே பிதுங்கி வந்தது. முதலில் கருநீலம். பார்த்துக்கொண்டே இருந்தோம். மெல்ல மெல்ல, ஓரத்திலிருந்து சிவப்பு ஏறியது.

மறுநாள் காலையில் கண்டக்டர் மதுரையிலிருந்து வந்தான், மருந்துக் குப்பிகளை ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. அவன் வந்து நின்றபோது அவள் கால் விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.  அவன் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

கால் பிழைத்தது. ஆனால் நெஞ்சு அப்படியே இருந்தது. வால்வைத் திறக்காவிட்டால் இன்னொரு துண்டு வரும்; அடுத்த தடவை அது காலுக்குத்தான் போகும் என்று என்ன நிச்சயம்? வால்வைத் திறக்காமல் பிள்ளை உண்டானால் அதுவும் ஆபத்து. சென்னையில் அந்த அறுவை செய்கிறார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்று பெண்ணிடம் தனியாகச் சொன்னேன். இனி மறைக்க வழியில்லை என்பது அவளுக்கும் புரிந்தது.

"நானே சொல்லிக்கிறேன் டாக்டரம்மா. நீங்க சொல்லாதீக," என்றாள்.

அவள் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"அத்தை, எனக்குச் சின்னதிலேயே நெஞ்சுல கோளாறு. மறைச்சுத்தான் கட்டிக்கொடுத்தாக."

சீப்பு நின்றது. மூலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தாய் எழுந்து நின்றாள்.

"எம் மகனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை. மறுநாளே சொல்லிட்டேன். மாசாமாசம் தேவகோட்டைக்குப் போனது ஊசி போடத்தான்."

"சினிமாவுக்கு இல்லையா?"

"இல்லை அத்தை."

மாமியாரின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியவில்லை. "ஒவ்வொரு தடவையும் கதை கேட்டேனே. கதையும் சொன்னானே!"

"பஸ்ல வாரவுக பேசிக்கிறதைக் கேட்டு வந்து சொல்லுவாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார். சம்பந்தியைப் பார்த்து, "நீங்க மறைச்சீக, சரி. பொண்ணைப் பெத்தவுக. நான் பெத்தவனுமா?" என்று கேட்டார். அந்தத் தாய் அவர் காலில் விழப் போனாள். அவர் நகர்ந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் சாப்பாடு வேளை தவறாமல் வந்தது, வேறு யாரோ கொண்டு வந்தார்கள். மருமகள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். கண்டக்டர் வீட்டில் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்று என்னிடம் சொன்னான். உறவுக்காரர்கள் பேச்செல்லாம் கிளம்பி, பெண்ணைத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறார்கள் என்றுகூட வார்டில் பேசிக்கொண்டார்கள்.  காலைக் காப்பாற்றி எந்த வீட்டுக்கு நடக்கப் போகிறாள்?

ஒரு நாள் காலையில் மாமியார் நேராக என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அந்த நெஞ்சு ஆப்பரேசன் எந்த ஊருலன்னு சொன்னீக?"

"சென்னையில."

"கூட இருக்க ஆம்பளை ஆளு போதுமா, பொம்பளை ஆளு வேணுமா?"

"பொம்பளை ஆளு இருந்தா நல்லது."

"அப்ப நான் போறேன். சம்பந்தியம்மா வேணாம். அவுக அழுதுகிட்டே இருப்பாக."

கால் புண் ஆறி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, அவள் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு போனார்கள். அங்கே இதயத்துக்குள் விரலை விட்டு வால்வை விரித்தார்கள். திரும்பி வந்தபோது மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை என்று சொன்னாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. பெரிய டாக்டர் என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் அறுவை அறை முறைப் பட்டியலில் வாரத்தில் பாதி நாட்கள் என் பெயர் இருந்தது. உளி விழுந்து கை அறுந்தவர், மாடு குத்தியவர் என்று குழாய் அறுந்து யார் வந்தாலும் கூப்பிட்டு அனுப்புவார். எதிரில் வந்து நிற்பார். அந்த அறுவைக்குப் பிறகு அவருடைய வலது கட்டைவிரல் ரொம்ப நாள் வலித்ததாக அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சில வருடங்கள் கழித்து அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. பிரசவம் மதுரையில் நடந்திருந்தது. கூடவே இரண்டு பாட்டிகளும் வந்திருந்தார்கள். ஒரே பெஞ்சில், இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை நடுவில் இப்படியும் அப்படியும் தவழ்ந்தது.

நான் அவள் காலைப் பார்த்தேன். பாதத்தில் நாடி நன்றாக இருந்தது. தழும்பு பெரிதுதான்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல மட்டும் உணர்ச்சியே இல்ல டாக்டரம்மா. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரிய மாட்டேங்குது. நான் பாட்டுக்கு நடந்துருவேன்."

"அப்புறம்?"

"அவுக பின்னால எடுத்துக்கிட்டு வருவாக."

பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மாமியார் சொன்னார்: "ரோட்டுல, நாலு பேரு பாக்க, பொண்டாட்டி செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு வாரான். நீங்களாவது சொல்லுங்க டாக்டரம்மா, வார் வச்ச செருப்பா வாங்கிப் போடச் சொல்லி."

மறுமுனையில் இருந்தவள் சிரித்துவிட்டாள்.